நாலாயிரம் கிலோமீட்டருக்கு முன்னால்

செப்டம்பர் 8

வேன் வீட்டுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு பேர் உட்காரும் டீசல் வண்டி, ஒன்பது வயது. நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. சீட்டுக்கு அடியில் இரண்டு அழிரப்பர், ஒரு ஸ்கேல், காய்ந்துபோன சப்பாத்தித் துண்டு. என்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டேன். நல்ல நெஞ்சு.

இருபத்தொன்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டினேன். தினமும் டியூட்டி முடிந்ததும் எத்தனை நடை, எத்தனை லிட்டர், வண்டியில் என்ன குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அந்தப் பழக்கம்தான் இந்த நோட்டு. பயணம் கிளம்பும்வரை வண்டிக்கு என்னென்ன செய்தேன் என்பது மட்டும் இதில் இருக்கும்.

கரூரிலிருந்து நாட்டின் கிழக்குக் கோடிக்கு, அருணாசலப் பிரதேசத்தில் வாலாங் வரை போகிறோம். ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். என் மனைவி வசந்தாமணியின் ஆசை இது. அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். அங்கே சுவரில் தொங்கிய இந்திய வரைபடத்தில் மேல் வலது மூலையைக் கரையான் தின்றிருந்தது. அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், "அங்கிருந்துதான் சூரியன் வருது" என்று சொல்லிச் சமாளிப்பாளாம். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி அவளுக்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று ஆகிவிட்டது.

நான் சில நாட்களில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அவளை ஏற்றிக்கொண்டு போன அதிகபட்ச தூரம் பழனி.

செப்டம்பர் 14

முஸ்தபாவின் பட்டறையில் வண்டியை விட்டேன். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறவன். என் வண்டிகளில் பாதி அவன் கை பட்டவை. முன்வரிசை இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டோம். பின்னால் கட்டில், கட்டிலுக்கு அடியில் மூன்று பெட்டி, வலது ஓரம் அடுப்பு மேடை, கூரையில் சோலார் தகடு, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சீட்டை எடுத்ததற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கவேண்டும்.

வசந்தாமணி டேப்பை வைத்துக்கொண்டு அடுப்பு மேடையை அளந்தாள். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இந்த சீட்டு இன்னும் முன்னால வருமா?" என்று முஸ்தபாவிடம் கேட்டாள்.

"வருமுங்க்கா. நாலு விரக்கடை நகத்தலாம்."

எதற்கென்று நான் கேட்கவில்லை. டேப் கையில் இருந்தால் அவள் எதையாவது அளப்பாள்.

செப்டம்பர் 27

ஹெட்லைட் போதவில்லை. பல்பை மாற்றச் சொன்னேன். மாற்றினான். அதுவும் போதவில்லை. இன்னும் பெரிதாகப் போடச் சொன்னேன்.

"அண்ணே, இதுக்கு மேல போட்டா எதுத்தாப்ல வர்றவன் கண்ணு அவிஞ்சுபோகும். இதுவே நல்ல வெளிச்சமுங்ணே" என்றான் முஸ்தபா.

இந்தக் காலத்துப் பல்புகளில் வெள்ளை அதிகம், வெளிச்சம் குறைவு. எங்கள் தெருவிளக்குகளும் அப்படித்தான். நகராட்சிக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 5

பேட்டரி இரண்டாவது ஒன்று பொருத்தினோம். மின்விசிறி, விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் அதில்.

வசந்தாமணி மூன்று வாரமாகக் காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் போகிறாள். ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்கள் கூட்டமாம். ஆறு மணிக்கு என்ன கூட்டம் என்று தெரியவில்லை. ஏழரைக்கு வியர்த்து வருகிறாள். வந்ததும் உட்கார்ந்து இடது காலைத் தேய்த்துக்கொள்கிறாள். அவ்வளவு தூரம் நடக்கவேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள், கொஞ்சம் வேகமாகவே.

அக்டோபர் 17

இடது பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. வீட்டுக் கேட்டுக்குள் நுழையும்போது தூணில் இடித்தது. அந்தத் தூணைக் கட்டியவன் நேராகக் கட்டவில்லை. இருபது வருடமாக அப்படியே இருந்திருக்கிறது, இன்றுதான் கவனித்தேன்.

புதுக் கண்ணாடி போட்டாயிற்று.

அக்டோபர் 30

கட்டில் முடிந்தது. ஏறிப் படுத்துப் பார்த்தோம். இருவரும் மல்லாந்து படுத்தால் தோள் இடிக்கிறது, ஒருக்களித்தால் இடம் மிஞ்சுகிறது.

படுத்துக்கொண்டே கேட்டாள், "ஏனுங்க, மேட்டுல வண்டிய நிறுத்திப்போட்டு மறுபடி எடுக்கறப்ப பின்னால போகாம எப்படிங்க எடுப்பீங்க?"

எனக்குச் சந்தோஷம். முப்பத்தோரு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், வண்டி மூக்கைத் தூக்கும்போது பிரேக்கை எடுக்கவேண்டும் என்று விளக்கினேன். "மூக்கைத் தூக்கறது எப்படித் தெரியும்?" என்றாள். உட்காரும் இடத்தில் தெரியும் என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

நவம்பர் 11

பட்டியலில் இருபத்து மூன்று வேலை. பத்தொன்பது முடிந்தது. மீதி இன்ஷூரன்ஸ், தீயணைப்பான், கம்பளி, என் கண் பரிசோதனை. கடைசிக்கு அவசரமில்லை.

நவம்பர் 18

காலையில் காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். இந்த மாதம் மூன்றாவது தடவை. அவள் ஏனோ இடது பக்கம் கொண்டுவந்து வைக்கிறாள்.

நவம்பர் 20

இப்போது வலது பக்கம் வைக்கிறாள்.

நவம்பர் 29

கொல்லிமலைக்குச் சோதனை ஓட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவு. வண்டி நன்றாக ஏறியது.

டிசம்பர் 1

பட்டறையில் பிரேக் பார்த்தோம். நான்கு சக்கரத்தையும் கழற்றி முஸ்தபா மெதுவாகச் சோதித்தான்.

"பிரேக்ல ஒண்ணுமில்லண்ணே."

"இன்னொரு தடவை பாரு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தான். ஒன்றுமில்லை.

டிசம்பர் 4

இருபத்தொன்பது வருடம் நான் எழுதிக் கொடுத்த தாள்களில் பொய் எழுதியதில்லை. இந்த நோட்டில் 29ஆம் தேதிக்கு நேரே இருப்பது பொய். வண்டி நன்றாக ஏறியது என்பது உண்மைதான். அது மட்டும்தான் உண்மை.

அப்போது மதியம் மூன்று மணி. நல்ல வெயில். மழை இல்லை, மூடுபனி இல்லை, சாலை காய்ந்திருந்தது. பிறகு வேறு காரணம் சொல்லத் தோன்றாமலிருக்க இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவு திரும்பி அடுத்ததை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். இடது ஓரத்தில் ஒருவர் தோளில் வாழைத்தாரோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. தாமதமாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பார்க்கவே இல்லை. என் கண்ணுக்கு அந்த ஓரத்தில் சாலையும் புல்லும்தான் இருந்தன.

வசந்தாமணி டேஷ்போர்டில் அடித்தாள். "ஆளுங்க, ஆளுங்க, நிறுத்துங்க."

தொம்மென்று ஒரு சத்தம். மிதித்தேன். வண்டி நின்றது.

அவள் குதித்து இறங்கி ஓடினாள். நான் இறங்கிச் சுற்றிவந்தபோது அந்த மனிதர் சாலையோர ஓடைக்குள் உட்கார்ந்திருந்தார். தார் மூன்று துண்டாகக் கிடந்தது. எங்கள் கண்ணாடி தாரில் பட்டு, தார் அவரைத் தள்ளியிருக்கிறது. முழங்கை தோலுரிந்து ரத்தம். வேறு அடி இல்லை. வசந்தாமணி எங்கள் தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துக் கழுவி, முதலுதவிப் பெட்டியைப் பிரித்துக் கட்டுப் போட்டாள். அந்தப் பெட்டியை நான் முந்தின மாதம்தான் வாங்கி வைத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தேன். நேரா வந்துச்சு. டிரைவர் பாத்திருப்பாருன்னுதான் நான் எறங்கல" என்றார்.

கொல்லிமலைப் பாதையில் நடக்கிற எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கரூர் பஸ் நிலையத்தில் நடக்கிறவர்களும் அப்படித்தான். நானும் என் வாழ்நாள் முழுக்க அந்த நம்பிக்கையின் மேல்தான் சம்பளம் வாங்கினேன்.

பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. எங்கள் வேன் பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தார்கள். நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கால் கிளட்சைத் தேடியது, கிடைக்கவில்லை. மறுபடி ஹாரன்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வசந்தாமணி நின்றாள். "நகருங்க" என்றாள்.

நான் நகர்ந்தேன். அவள் ஏறி, சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டாள். நல்ல மேடு அது. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. மூக்கைத் தூக்கியது, கிளம்பியது. ஐம்பது அடி மேலே அகலமான இடத்தில் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினாள்.

அந்த இண்டிகேட்டரைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவ்வளவு பதற்றத்திலும் போட்டாள்.

பேருந்தில் அந்த மனிதரை ஏற்றிக்கொண்டு மேலே சுகாதார நிலையத்துக்கு அவளும் போனாள். அவர் பெயர் வெள்ளையன், எலும்பில் ஒன்றும் இல்லை என்று பிறகு போனில் சொன்னாள். வீடுவரை போய் விட்டுவிட்டு, தாருக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு, கீழே வருகிற பேருந்தில் வந்து இறங்கினாள். அதுவரை நான் அந்த வளைவில் உட்கார்ந்திருந்தேன். முஸ்தபா கரூரிலிருந்து பேருந்தில் வந்து வேனை இறக்கினான்.

டிசம்பர் 5

காலையில் வேனை விற்றுவிடுவதாகச் சொன்னேன். என்ஜின் சரியில்லை என்று காரணமும் சொன்னேன். வசந்தாமணி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். பிறகு கை கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து மேசையில், எனக்கு நேரே வைத்தாள். ஓட்டுநர் உரிமம். அவள் படம், அவள் பெயர். நவம்பர் 6ஆம் தேதி கொடுத்தது.

"கூட்டம்னு சொன்னே" என்றேன்.

"டிரைவிங் ஸ்கூலுங்க. மொதத் தடவை எட்டுப் போடறப்ப கம்பத்தைச் சாச்சுப்போட்டேன். ரெண்டாந் தடவைதான் பாஸாச்சு."

"எனக்குத் தெரியாம எதுக்கு?"

"ஆவணியில உங்க அக்கா பேத்தி கல்யாணத்துல சாப்பிட்டமே, ஞாபகம் இருக்குதுங்களா? இலையில இடது பக்கம் ஜாங்கிரி வெச்சாங்க. நீங்க அதைத் தொடாம இலைய மூடிப்போட்டு எந்திரிச்சீங்க. ஜாங்கிரிய விடற ஆளா நீங்க?"

அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"அப்புறம் கவனிச்சுப் பாத்தேன். டம்ளரு, கேட்டுத் தூணு, பக்கத்து வீட்டுப் புள்ளையோட சைக்கிளு. எல்லாம் இடது பக்கம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லியிருந்தா அன்னிக்கே வண்டிய வித்துப்போட்டு மூலையில உக்காந்திருப்பீங்க. நானா ஓட்டக் கத்துக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. அது என் தப்புத்தான். அந்த மனுசனுக்கு ஏதாவது ஆயிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது." கீரைத் தட்டை ஓரமாகத் தள்ளினாள். "இன்னொண்ணு. இதெல்லாம் உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு ஓட்டோணும். ரொம்ப நாளாவே ஓட்டோணும்."

அவளுடைய கடைசி வார்த்தை எனக்கு ஏனோ கோபத்தை உண்டாக்கியது. எழுந்து வெளியே போய் வேனைச் சுற்றி நான்கு தடவை நடந்தேன். நான்காவது சுற்றில் கோபம் எதற்கென்று மறந்துவிட்டது.

டிசம்பர் 6

எழுதினால் முழுதாக எழுதவேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐந்து மாதம் நான் பகல் டியூட்டி கேட்டு வாங்கினேன். முதுகு வலி என்று எழுதிக் கொடுத்தேன். முதுகில் எனக்கு எப்போதும் வலி இருந்ததில்லை. இருட்டில் ஓரங்கள் சரியாகத் தெரியவில்லை. பகலில் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. விபத்தில்லா ஓட்டுநர் என்று சான்றிதழ் வரவிருந்தது. வந்தது. கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஒரு நடைக்கு ஐம்பது பேர்.

வசந்தாமணியிடம் இதைச் சொன்னேன். கூடத்துச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போன் பண்ணுங்க" என்றாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு நல்லதாகத்தான் பட்டது.

கூடத்துச் சான்றிதழைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 12

கோவையில் கண் ஆஸ்பத்திரி. பேருந்தில் போனோம். நான் ஜன்னலோரம்.

ஒரு இயந்திரத்துக்கு முன்னால் தாடையை வைத்து உட்காரச் சொன்னார்கள். உள்ளே வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்தது. நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்கவேண்டும், சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். அங்கே வேலை பார்க்கும் பெண் பொறுமையாக விளக்கினாள்.

அழுத்தினேன். அழுத்தினேன். பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. மறுபடி ஒன்று. மறுபடி வெகுநேரம் ஒன்றுமில்லை.

"அம்மா, மிஷின் நடுநடுவுல நின்னுபோகுது, பாருங்க" என்றேன்.

"மிஷின் நிக்கலீங்க ஐயா" என்றாள் அந்தப் பெண், ரொம்ப மெதுவாக.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுபோல் இருந்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. கிளாக்கோமா. வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருமாம். போனது திரும்பாது. சொட்டு மருந்தை ஒரு நாளும் விடாமல் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டினால், இருப்பதைக் காப்பாற்றலாம். இனி வண்டி ஓட்டக்கூடாது.

"பயணம் போலாமுங்களா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"தாராளமாப் போலாம். இவர் ஓட்டாம இருந்தாச் சரி."

நான் ஒன்று கேட்டேன். சூரியன் எழுவது தெரியுமா என்று. டாக்டர் சின்ன வயதுக்காரர். கேள்வி புரியாமல் முதலில் விழித்தார். பிறகு, "நேராப் பார்த்தா நல்லாத் தெரியும். ஓரத்துல இருக்கறதைப் பார்க்கணும்னா தலையைத் திருப்பிக்குங்க" என்றார்.

டிசம்பர் 13

இரவு ஒன்பது மணி, இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு. வேறு எழுத எதுவுமில்லை.

டிசம்பர் 21

வேனில் அவளுக்குப் பயிற்சி தொடங்கியது. அவள் கற்றது சின்னக் கார். வேன் நீளம். புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் மூடிக்கிடக்கும் நூல் ஆலை மைதானத்தில் காலை ஏழு முதல் ஒன்பது வரை.

முன்னால் போவது பரவாயில்லை. பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புகிறாள். கத்தினேன். மறுபடி திருப்பினாள். மறுபடி கத்தினேன். வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"நீங்க கத்துனா எனக்கு ஒண்ணுமே கேக்கறதில்லீங்க. உங்க கண்டக்டரு உங்ககிட்ட எப்படிச் சொல்லுவாரு?"

"வரலாம், வரலாம்னு சொல்லுவாரு."

"அப்படிச் சொல்லுங்க."

அப்படிச் சொன்னேன். வந்தாள். கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள்.

டிசம்பர் 30

அவள் ஓட்டினால் சமையல் யார் என்று ஒரு கேள்வி வந்தது. பதில் நான்தான் என்று அவளே தீர்மானித்துவிட்டாள். வேன் அடுப்பில் அரிசியும் பருப்பும் சேர்த்துச் சாதம் வைத்தேன். அடி பிடித்தது. முஸ்தபா இரண்டு தட்டு சாப்பிட்டான், ஆனால் அவன் எதையும் சாப்பிடுவான்.

ஜனவரி 7

நேற்று எங்கள் கிழக்குப் பயணத்துக்கு ஒரு சட்டம் போட்டோம். ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. மாலை நான்குக்கு மேல் சக்கரம் உருளாது. மூன்று நாள் ஓடினால் ஒரு நாள் ஓய்வு. நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் அல்லது லாரிகள் நிற்கும் இடத்தில்தான் தங்கல். நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். நான் ஓட்டியிருந்தால் இப்படி ஒரு சட்டம் போட்டிருக்கமாட்டேன். பத்து நாளில் போய்ச் சேரவேண்டும் என்று விரட்டியிருப்பேன்.

இன்று ஸ்டெப்னி மாற்றப் பழகினாள். ஜாக்கியை எங்கே வைப்பது என்று காட்டினேன். நட்டு இறுகியிருந்தது. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்துத் திருகினாள். இருபத்தைந்து நிமிடம்.

ஜனவரி 18

அவளோடு திருச்சிவரை போய்வந்தேன். இடது சீட்டில் உட்கார்ந்து வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். குளித்தலையைத் தாண்டும்போது ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டு சட்டென்று குறுக்கே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் வேகத்தைக் குறைத்து அவனுக்கு வழிவிட்டு அமைதியாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு என்ன அவசரமோ" என்றாள்.

நான் ஓட்டியிருந்தால் அந்த லாரியை ஐந்து கிலோமீட்டர் துரத்தியிருப்பேன்.

திரும்பி வரும்போது என் வலது கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது. எங்கே நிறுத்தியது என்று தெரியவில்லை.

ஜனவரி 26

அருணாசலத்துக்குள் போக அனுமதிச்சீட்டு கணினியில் பதிவு செய்தாயிற்று. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, ஆர்.டி.ஓ. அனுமதி எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள். ஒரு படிவத்தில் ஓட்டுநர் பெயர் என்று ஓரிடம். என் கையெழுத்தில் அவள் பெயரை எழுதினேன். எழுத்து கோணவில்லை.

ஓசூரிலிருந்து மகள் போன் செய்தாள். மூன்று மாதமாக இந்தப் பயணமே வேண்டாம் என்றவள். அம்மா ஓட்டுகிறாள் என்று சொன்னேன். "அப்படின்னா போய்ட்டு வாங்க" என்றாள். என்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையைப் பற்றி இன்று தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 1

கம்பளி நான்கு, ரேடியேட்டருக்குக் குளிரில் உறையாத திரவம், மின்விசிறி பெல்ட் இரண்டு, ஃபியூஸ், இழுவைக் கயிறு, பஞ்சர் சாமான். புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில், பருப்புப் பொடி, ராகி மாவு. மூன்று மாதத்துக்குச் சொட்டு மருந்து, வெயில் படாத பெட்டியில்.

கொல்லிமலைக்குப் பேருந்தில் போய் வெள்ளையனைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கையில் தழும்பு மட்டும் இருக்கிறது. அன்றைக்கு நான் பார்க்கவில்லை என்பதை அவரிடம் நேரில் சொன்னேன். கண் விஷயத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "இப்ப யாரு ஓட்டறாங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அந்தம்மா நல்லாக் கட்டுப் போட்டாங்க" என்றார். வரும்போது ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்தார். வாங்கிக்கொள்ளத் தயக்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 3

காலை 6.40. கிலோமீட்டர் மீட்டரைப் பூஜ்ஜியத்துக்கு வைத்தோம். முஸ்தபா நான்கு டயரிலும் காற்று பார்த்தான். நேற்றே பார்த்ததுதான்.

அவள் புடவையை விட்டுவிட்டுச் சுடிதாரில் இருந்தாள். நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டியை எடுத்துவிட்டாள். கேட்டுத் தூணில் படவில்லை. தூண் நேராகத்தான் இருக்கிறது.

மாலை 3.30. விழுப்புரம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். 245 கி.மீ.

பிப்ரவரி 5

ஆந்திர எல்லையைத் தாண்டி சூளூர்ப்பேட்டை. நேற்று இரவு கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம் தங்கினோம்.

இந்தச் சாலையில் நெல்லூர்வரை நான் சிறப்புப் பேருந்து ஓட்டியிருக்கிறேன், ஏழெட்டுத் தடவை இருக்கும். இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாலையின் வெள்ளைக் கோடு, முன்னால் போகிற வண்டியின் பின்புறம், எங்கெங்கே வேகத்தடை என்பது. இன்று ஊரைவிட்டு ஏரிக்குப் போகும் பாதையில் திருப்பினாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "இந்தப் பக்கம் திரும்புங்க, இன்னும், இன்னுங் கொஞ்சம்" என்றாள். கழுத்தை முழுதாகத் திருப்பினேன். ஆழமில்லாத தண்ணீரில் இளஞ்சிவப்பாக நூற்றுக்கணக்கில் பூநாரைகள் நின்றுகொண்டிருந்தன. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்றவர்கள் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார்கள். எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை.

மறுபடி நெடுஞ்சாலைக்கு வந்து ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற கடைக்காரர். வண்டியைப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு டீ கேட்டேன். ஒன்றைப் பெரிய டம்ளரில் போட்டு, ஆடையோடு, என்னிடம் நீட்டினார்.

"டிரைவருக்குக் காசு வேணாம்" என்றார். நெடுஞ்சாலையில் நிறையக் கடைகளில் அப்படித்தான். டிரைவர் வந்தால்தான் வண்டி வரும்.

"டிரைவர் அவங்க" என்றேன்.

கடைக்காரர் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வசந்தாமணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு கடையைவிட்டு இறங்கிப் போய் அவள் கையில் கொடுத்தார். என்னவோ கேட்டார். வாலாங் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. வானத்தில் கிழக்கே கைகாட்டினாள்.

எனக்குச் சின்ன டம்ளரில் வந்தது. குடித்துவிட்டுக் காசு கொடுத்தேன். இருபத்தொன்பது வருடத்தில் நெடுஞ்சாலைக் கடையில் நான் காசு கொடுத்துக் குடித்த முதல் டீ. நன்றாகத்தான் இருந்தது.